தீக்குக் காரணம் சொல்பவருக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் மூன்று தீ விபத்துச் செய்திகள் படித்தேன். ஒரு பஞ்சு குடோன், ஒரு மரச்சாமான் கடை, ஒரு ஓட்டு வீடு. மூன்றும் ஒரே மாதிரிதான் முடிந்தன: மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்திருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்த முதற்கட்டத்துக்கு அடுத்த கட்டம் என்ன ஆனது என்று நான் இதுவரை எந்தச் செய்தியிலும் படித்ததில்லை.

நான் ஈரோட்டில் 31 வருடமாக வயரிங் வேலை செய்கிறவன். ஐ.டி.ஐ. முடித்து, ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து, சுவர் கொத்திப் பைப் பதிக்கப் பழகி, தேர்வு எழுதி கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் வாங்கினேன். அப்புறம் மேற்பார்வையாளர் சான்றிதழும் வாங்கினேன். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் தந்த அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு கடையின் வயரிங் வேலைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அது சரியான ஏற்பாடு. ஆனால் அந்தக் கடை எரிந்த மறுநாள், ‘வயரிங்கில் இருந்துதான் தீ வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர், தீயின் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்று காட்ட எந்தச் சான்றிதழும் கேட்கப்படுவதில்லை. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நான் வயரிங் செய்த ஒரு ஜவுளிக் கடை எரிந்தது. கடையின் பெயர் வேண்டாம். கீழே சில்லறை, மேலே மொத்த வியாபாரம், பின்னால் சரக்கு அறை. விடியற்காலை நாலரை மணிக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது தீயணைப்பு வண்டிகள் இரண்டு நின்றன. ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். பண்டிகைக்கு இறக்கிய சரக்கு முழுக்க உள்ளே. முதலாளி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை.

மறுநாள் பேப்பரில் மின்கசிவு என்று வந்தது. அன்று காலையே ஒரு மண்டபக்காரர் கூப்பிட்டு, பேசி முடித்திருந்த வேலையை ‘அப்புறம் பார்க்கலாங்க’ என்றார். அந்த ஒரு மாதத்தில் நான்கு வேலை கைவிட்டுப் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. நான் போனதும் டீக்கடையில் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். என் மகன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனிடமே ஒருத்தன் கேட்டிருக்கிறான், ‘உங்க அப்பா போட்ட லைன்தானே எரிஞ்சது?’ என்று.

மூன்றாம் நாள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

எரிந்த செம்புக் கம்பியின் முனையைப் பார்த்தால் இரண்டு விதம் தெரியும். நெருப்பின் சூட்டில் உருகிய கம்பி மெழுகுவத்தி வழிந்தது போல நீளத்துக்கு இளகி, மெலிந்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அதனால் எல்லாத் தீயிலும் அது உருகுவதில்லை. பேஸும் நியூட்ரலும் தொட்டுத் தீப்பொறி பறந்த கம்பி வேறு மாதிரி. முனையில் கடுகளவு உருண்டை, மின்னுகிற மணி. அந்த மணிக்கு ஒரு நூல் தள்ளி கம்பி புதுசு போல முறுக்கு கூடக் கலையாமல் இருக்கும். முன்பக்கம் கேமராவுக்குப் போன லைனில் அப்படி ஒரு மணி இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அதைத்தான் போட்டோ எடுத்து, ஷார்ட் சர்க்யூட்டுக்கு இதுவே சாட்சி என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆனால் அந்த மணி சொல்வது ஒன்றுதான்: தீ அங்கே வந்தபோது அந்தக் கம்பியில் கரண்ட் இருந்தது. வேறு எங்கோ பிடித்த தீ வந்து கம்பியின் மேல்தோலைச் சுட்டு, உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டாலும் இதே மணிதான் விழும். தீயைப் பிறப்பித்த மணி எது, தீயால் பிறந்த மணி எது என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கடையில் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி பூட்டும்போது கேமரா லைனையும் ஒரு நைட் லேம்ப்பையும் விட்டுவிட்டு மற்ற எல்லா சுவிட்சையும் போர்டிலேயே இறக்கிவிடுவார். பின்னால் சரக்கு அறைதான் அதிகமாக எரிந்திருந்தது. அந்த அறையின் வயரை ஜன்னலில் இருந்து ஜங்ஷன் பாக்ஸ் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தேன். மேல்தோல் சாம்பலாகியிருந்தது, ஒரு இடத்தில்கூட மணி இல்லை. போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி.யின் (ஷார்ட் ஆனாலோ லோடு கூடினாலோ தானே விழுகிற சுவிட்ச்) நெம்பு கீழ்ப்பக்கம் இறங்கின நிலையிலேயே உருகி ஒட்டியிருந்தது. கரண்டே இல்லாத அறையில் கரண்ட் எப்படித் தீ வைக்கும்?

வயரிங்கால் தீப்பிடிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிடிக்கும். அதிலும் ஷார்ட் சர்க்யூட்டைவிட லூஸ் கனெக்‌ஷனை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஷார்ட் ஆனால் எம்.சி.பி. உடனே விழுந்துவிடும். திருகு சரியாக முறுக்காத இடத்தில் மாதக் கணக்கில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் மின்கசிவு என்ற சொல்லே வேறு ஒன்றைக் குறிப்பது. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதே, கரண்ட் போகக் கூடாத வழியில் பூமிக்குப் போவது, அதுதான் கசிவு. அதைப் பிடிக்கத்தான் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. போடச் சொல்கிறோம். கசிவு, ஷார்ட், லூஸ், ஓவர்லோடு எல்லாம் தனித்தனி நோய். நான்கையும் ஒரே பெயரில் எழுதினால் வைத்தியம் எப்படிப் பார்ப்பது?

சரி, அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? இதைச் சொல்லும்போது எனக்கு மனது கனக்கிறது. பின்வாசல் நடையில் ஒரு பெரியவர் வாட்ச்மேனாகப் படுப்பார். சாம்பலைக் கிளறியபோது சரக்கு அறைக் கதவோரம் கொசுவர்த்தி செருகும் தகரத் தாங்கி ஒன்று கிடைத்தது. மர ராக் அடியில் இருந்து மேல்நோக்கி எரிந்த மாதிரி தெரிந்தது. பருத்தித் துணியில் கங்கு விழுந்தால் மணிக்கணக்கில் புகைந்து அப்புறம்தான் பற்றும் என்பது துணி ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு இருந்த கோபத்தில், நான்கு பேர் நிற்கும்போதே முதலாளியிடம் சொன்னேன்: ‘என் வயரிங் இல்லீங்க, உங்க வாட்ச்மேன் வெச்ச கொசுவர்த்தி.’ அடுத்த நாள் பெரியவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ‘நான் அங்க வெக்கலைங்க தம்பி, வெளித் திண்ணையிலதான் வெச்சேன்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் நம்பவில்லை.

அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். அவன் இணையத்தில் தேடி எடுத்து, புரியாததைத் தமிழில் சொல்லிக் கொடுத்தான். அமெரிக்காவில் 2005-ல் லாஸ் வேகாஸில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். இரண்டு படுக்கை அறைகளை அமைத்துத் தீ வைத்து, அறை முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொண்ட பிறகு இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார்கள். தீ விசாரணையில் இருக்கிற 53 பேரை உள்ளே அனுப்பி, அறையின் நான்கு பாகத்தில் எந்தப் பாகத்தில் தீ தொடங்கியது என்று கேட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால்கூடப் பதின்மூன்று பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அறை முழுக்கப் பற்றிய பிறகு, காற்று எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அங்கேதான் ஆழமாக எரியும், தரையோரமும் எரியும். அதிகம் எரிந்த இடம்தான் தொடங்கிய இடம் என்பது பொய்க் கணக்கு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்தச் சரக்கு அறைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. ராக் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. பெரியவர் மேல் நான் வைத்த பழியும், என் மேல் அவர்கள் வைத்த பழியும் ஒரே தரம்தான்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. டெக்சாஸில் கோர்சிகானா என்ற ஊரில் 1991 டிசம்பர் 23 அன்று ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தகப்பன் கேமரூன் டாட் வில்லிங்ஹாம்தான் தீ வைத்தார் என்று வழக்கு. தரையில் எரிந்திருந்த வடிவங்களைப் பார்த்து எண்ணெய் ஊற்றியிருக்கிறது என்றும், ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல் இருந்ததால் தீ ரொம்ப வேகமாக ஏறியிருக்கிறது என்றும் சாட்சி சொன்னார்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால்தான் அப்படி விரிசல் விடும் என்று பின்னால் சோதனைகளில் தெரிந்தது. தீயணைப்புத் தண்ணீர் பட்ட விரிசல், குற்றத்துக்கு அடையாளமானது. 2004 பிப்ரவரி 17 அன்று அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். அந்தச் சாட்சியத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று தீ ஆராய்ச்சியாளர்கள் எழுதியதெல்லாம் அவருக்கு இனி உதவாது.

அந்த நாட்டில் இப்போது தீ விசாரணை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அங்குள்ள தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 921 என்ற வழிகாட்டி இருக்கிறது, முதல் பதிப்பு 1992-ல் வந்தது. விசாரிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 1033 சொல்கிறது. 1949-ல் தொடங்கிய தீவைப்புப் புலனாய்வாளர் சங்கம் ஒன்று, அனுபவம், பயிற்சி எல்லாம் பார்த்து, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதிலும் எனக்குப் பிடித்த விஷயம், தெரியாவிட்டால் ‘காரணம் தீர்மானிக்க முடியவில்லை’ என்று எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் அந்த இடத்தில்தான் மின்கசிவு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மின்கசிவு என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் வேலை சுலபம். தீவைப்பு வழக்கு இல்லை. பாலிசியிலும் பெரிய சிக்கல் வராது. கோளாறான மின்சாதனத்தின் விலையைத்தான் கழிப்பார்கள், அதனால் எரிந்த மற்ற சரக்குக்குக் கிளைம் கிடைக்கும். வயரிங் செய்தவனைத் தவிர யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் அடுத்த கடைக்காரருக்கு நஷ்டம் இருக்கிறது. உண்மையான காரணம் தெரியாததால் அவர் கடையிலும் அதே காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, சமையல் கூடத்துத் தீ கூரைக்குப் பரவியது என்று தெரிந்ததால்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக்கொட்டகையை எடுக்கச் சொன்னார்கள். காரணம் சரியாகத் தெரிந்ததால் வந்த பலன் அது.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாருமே கேட்பதில்லை. அந்தக் கடைக்கு ஒட்டின மாதிரி ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தீ அங்கே வரவே இல்லை. பால்ஸ் சீலிங் இடுக்கு வழியாகப் புகை மட்டும் வந்தது. நஷ்டம் பார்க்க வந்தவர் சுவரில் கரி படிந்திருப்பதைப் பார்த்து, சுத்தம் செய்யவும் பெயின்ட் அடிக்கவும் ஒரு தொகை எழுதிக்கொண்டு போனார். அக்கா அன்றைக்கே ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். கரி போகவில்லை, இழுபட்டு அப்பிக்கொண்டது. இரண்டு மிஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் அன்று ஓடின. மூன்றாவது வாரம் ஒரு மிஷின் நின்றது. அடுத்த மாதத்துக்குள் மற்றதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிப் போர்டைப் பார்த்தேன். பற்றவைத்த கால்களில் பச்சைப் பாசி போலப் பூத்திருந்தது, திருகுத் தலைகளில் செந்துரு. கிளைம் கேட்டதற்கு, பழைய மிஷின், தேய்மானம் என்று பதில் வந்தது.

அது தேய்மானம் இல்லை. வயரின் மேல்தோல், பைப், சீலிங் பட்டை எல்லாம் பி.வி.சி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கரியோடு சேர்ந்து போய்ப் போர்டில் உட்கார்ந்து மெல்ல அரிக்கும். முதல் நாளே கரண்டைப் போடாமல் வைத்து, அறையின் ஈரப்பதத்தைக் குறைத்து, உலர்ந்த முறையில் கரியை உறிஞ்சி எடுத்து, முறையாகக் கழுவியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். புகை எங்கே எட்டியது, படிந்தது எந்த வகைக் கரி, குளோரைடு இருக்கிறதா என்று துடைத்தெடுத்துப் பரிசோதிக்கிற வேலைக்கு என்றே வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். தீ, புகைச் சேதத்தைச் சீர்செய்கிறவர்களுக்கு ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பு தனிச் சான்றிதழ் தருகிறது. அக்காவுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் கடையை மூடியிருக்க மாட்டார். இப்போது வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறார்.

சர்வேயர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் முறைப்படி பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்கியவர்கள். தீ என்று தனிப் பிரிவே அந்த உரிமத்தில் இருக்கிறது. ஆனால் அது நஷ்டத்தைக் கணக்கிடுகிற படிப்பு. ஸ்டாக் புத்தகம், பில், தேய்மானம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கம்பி முனையின் மணியைப் படிப்பது வேறு வித்தை. தீயணைப்புத் துறையினர் உயிரைக் கொடுத்துத் தீயை அணைக்கிறவர்கள், அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அணைத்த கையோடு காரணத்தையும் எழுதித் தரச் சொல்கிறோம், அதற்கான நேரமும் கருவியும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவுப்படி மின் ஆய்வாளர் விசாரிப்பது ஆளுக்கோ மாட்டுக்கோ உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்ட, அல்லது ஏற்படக்கூடியதாக இருந்த விபத்துகளை. கடை மட்டும் எரிந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கே வர வேண்டும் என்கிறது. விபத்து என்று முதல் தாளிலேயே எழுதிவிட்டால் அதுவும் வராது. எங்கள் கடையில் சாம்பல் மாதிரி எடுத்தார்கள், கேரி பேக்கில். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இருந்தால் அதன் ஆவி பாலித்தீனைத் தாண்டிப் போய்விடும். காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ எடுத்திருக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. தடய அறிவியலில் நமக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறை, தடய அறிவியல் துறை, மின் ஆய்வுத் துறை மூன்றும் சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்கினால் போதும். ஆறு மாதம் பாடம், ஒரு வருடம் கூடவே போய்ப் பழகுவது, அப்புறம் தேர்வு. தேர்வை எழுத்தில் மட்டும் வைக்கக் கூடாது. கட்டில், பீரோ, மெத்தை போட்டு ஒரு அறையை எரித்து அணைத்து, தேர்வு எழுதுகிறவரை உள்ளே அனுப்பி, எங்கே தொடங்கியது, எதனால், எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்று நேர்மையாக எழுதுகிறவருக்கும் அதற்கு உரிய மதிப்பெண் தர வேண்டும். புகைச் சேதம் அதில் தனித் தாளாக இருக்கட்டும். மாவட்டத்துக்கு இரண்டு பேர் அப்படித் தேறினால்கூட, பெரிய தீ விபத்துகளுக்கு அவர்கள் கையெழுத்து இல்லாமல் காரணம் எழுதக் கூடாது என்று அரசு ஆணை போடலாம். என் போன்ற மின் பணியாளர்களில் விருப்பம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டால் நான் முதல் ஆளாக விண்ணப்பிப்பேன். வயது 52 ஆகிறது, பரவாயில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் படிப்பு வரும்வரைக்கும், காரணம் தெரியாத தீக்கு ‘காரணம் இன்னும் தெரியவில்லை’ என்றே போடுங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் நிருபர் திரும்பப் போய் என்ன ஆயிற்று என்று கேட்டு இரண்டு வரி எழுதினால் பெரிய உபகாரம்.

அந்தக் கேமரா லைனின் மணியையும், சரக்கு அறை வயரில் ஒரு முழத்தையும், கொசுவர்த்தித் தாங்கியையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். தேர்வு எழுதித் தேறிய ஒருவர் எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். ‘இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது’ என்று அவர் சொன்னாலும் சரி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வாட்ச்மேன் பெரியவர் கோபிச்செட்டிபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தாளை முதலில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மின் பணி மேற்பார்வையாளர்,
ஈரோடு.

(பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். கடைக்காரர், பெரியவர், ஜெராக்ஸ் கடை அக்கா மூவரையும் கருதி அவற்றை வெளியிட வேண்டாம்.)